உறக்கத்தின் இருப்பிடம்: வியன்னா, 1917

1916–17ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வியன்னா நகரம் பசியில் வாடிக்கொண்டிருந்தது. உலகப்போர் தொடங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அறுபத்தெட்டு ஆண்டுகள் ஆண்ட பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப் 1916 நவம்பரில்தான் மறைந்திருந்தார். பல்கலைக்கழகத்தின் உளநோய், நரம்புநோய் மருத்துவமனைக்குத் தலையில் குண்டடிபட்ட வீரர்கள் போர்முனையிலிருந்து வந்தவண்ணம் இருந்தனர். அவர்களுக்கிடையே, போருக்கே போகாத சில சாதாரண மக்களும் அங்கு கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

முதலில் லேசான காய்ச்சல், தலைவலி. பிறகு உறக்கம். உட்கார்ந்தபடியே உறங்கினார்கள், நின்றபடியே உறங்கினார்கள், வாயில் வைத்த உணவை மெல்லாமலேயே உறங்கிப்போனார்கள். எழுப்பினால் எழுந்தார்கள். கேட்டதற்குப் பொருத்தமாகப் பதில் சொன்னார்கள். தாம் எங்கே இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தனியே விட்டதும் மீண்டும் உறக்கம். பலருக்கு இமைகள் தொங்கின, கண்கள் அசைய மறுத்தன. மூளைச்சவ்வு அழற்சி என்றும், சித்தக்கலக்கம் என்றும், இன்னும் பலவாகவும் அவர்களுடைய நோய்க்குறிப்புகளில் எழுதப்பட்டிருந்தது. எதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை.

இவர்கள் அனைவருக்கும் வந்திருப்பது ஒரே நோய் என்று கண்டவர் கான்ஸ்டன்டின் ஃபான் எகனோமோ. 1917 ஏப்ரலில் வியன்னாவின் உளநோய், நரம்புநோய்ச் சங்கக் கூட்டத்தில் அவர் தன் அவதானிப்புகளை முன்வைத்தார். மே 10ஆம் தேதி வியன்னாவின் மருத்துவ வார இதழில் அது கட்டுரையாக வெளிவந்தது. நோய்க்கு அவர் இட்ட பெயர் ‘என்செஃபாலிடிஸ் லெதார்ஜிகா’. உறக்க மூளையழற்சி என்று நாம் சொல்லலாம். ஆப்பிரிக்காவில் செட்சி ஈக்கள் பரப்பும் உறக்கநோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை.

மருத்துவ வரலாற்றில் புதிய நோயொன்றை விவரித்தவர்கள் பலர். எகனோமோ அதைத் தாண்டி ஒன்றைச் செய்தார். நோயுற்ற மூளையைக் கொண்டு, நோயற்ற மூளை எப்படி உறங்குகிறது என்று கேட்டார். உறக்கத்தைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பவற்றின் வேர் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

*

எகனோமோ 1876இல் ருமேனியாவின் பிரெய்லா நகரில், கிரேக்க வம்சாவளியைச் சேர்ந்த செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். வளர்ந்தது ட்ரியெஸ்த் துறைமுகநகரில். வியன்னாவுக்குப் படிக்க வந்தது பொறியியல். இரண்டு ஆண்டுகளில் அதை விட்டு மருத்துவத்துக்கு மாறி 1901இல் பட்டம் பெற்றார். இதற்கிடையே அவருக்கு இன்னொரு பித்தும் இருந்தது: பறத்தல். ஆஸ்திரியாவின் முதல் விமானிகளில் ஒருவர் அவர். நாட்டின் விமானக் கழகத்துக்குத் தலைவராகவும் பல ஆண்டுகள் இருந்தார். போர் வந்தபோது விமானியாகவே முனைக்குப் போனார். 1916இல் அவருடைய சகோதரர் போரில் இறக்க, பெற்றோரின் வேண்டுகோளை ஏற்று வியன்னாவுக்குத் திரும்பினார். தலையில் காயம்பட்ட வீரர்களைக் கவனிக்கும் பணி அவருக்குத் தரப்பட்டது. வாக்னர்-யோரெக்கின் மருத்துவமனையில் அந்த விநோத உறங்கிகளை அவர் சந்தித்தது அப்படித்தான்.

மூளையின் இந்த இடம் சிதைந்தால் இந்தத் திறன் போகும் என்று அன்றாடம் கண்ணால் கண்டுகொண்டிருந்த மருத்துவர் அவர். குண்டு ஒருவனின் பேச்சைப் பறித்தது, இன்னொருவனின் பார்வையைப் பறித்தது. அப்படியானால் உறக்கமும் விழிப்பும் மட்டும் ஏன் இடமற்றவையாக இருக்க வேண்டும்?

இன்று இது எளிய கேள்வியாகத் தோன்றலாம். அன்று அப்படியல்ல. உறங்குவதைச் சாவோடும் விழிப்பதைப் பிறப்போடும் ஒப்பிட்ட குறளை நாம் அறிவோம். கிரேக்கர்களோ உறக்கத்தையும் மரணத்தையும் இரட்டைச் சகோதரர்களாகவே கண்டனர். தொன்மங்கள் தொட்டே உறக்கம் என்பது ஓர் இன்மை: விளக்கு அணைவதுபோல விழிப்பு அணைந்துவிடுகிறது, அவ்வளவுதான். அறிவியலும் இதே படிமத்தைத்தான் வேறு சொற்களில் வைத்திருந்தது. விழித்திருக்கும்போது உடலில் ஏதோ ஒரு நஞ்சு சேர்கிறது, அது மிகும்போது மூளை மயங்குகிறது என்பது அன்றைய செல்வாக்கான கருத்து. பிரான்ஸில் லெஜாந்தரும் பியெரோனும் பல நாட்கள் உறங்கவிடாமல் வைத்த நாய்களின் மூளைத் தண்டுவட நீரை மற்ற நாய்களுக்குச் செலுத்தி, அவை உறங்குவதைக் காட்டியிருந்தனர். பியெரோனின் நூல் 1913இல் வந்தது.

மாற்றுக் குரல் ஒன்றும் இருந்தது. 1889–90 இன்ஃப்ளுவென்சா கொள்ளைநோயை ஒட்டி வட இத்தாலியப் பகுதிகளில் ‘நோனா’ என்றழைக்கப்பட்ட உறக்கநோய் பரவியதாகச் செய்திகள் வந்தன. எகனோமோவின் வீட்டிலும் அந்நோய் பேசப்பட்டிருந்தது. அப்போது வியன்னாவின் கண் மருத்துவரான லுட்விக் மவுத்னர் ஓர் ஊகத்தை முன்வைத்தார். கண்ணசைவு முடங்குவதும் தீராத உறக்கமும் ஒரே நோயாளியிடம் சேர்ந்தே வருகின்றன. கண்களை அசைக்கும் நரம்புகளின் பிறப்பிடம் மூளையின் நடுத்தண்டில் இருக்கிறது. ஆகவே உறக்கத்துக்குப் பொறுப்பான இடமும் அதை ஒட்டியே இருக்க வேண்டும். 1890இல் சொல்லப்பட்ட இந்த ஊகத்தைச் சோதிக்க அன்று வழியிருக்கவில்லை. கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு கொள்ளைநோய் அந்த வழியைத் திறந்தது.

*

எகனோமோவைத் திகைக்கவைத்தது இந்நோயின் இரட்டை முகம். பெரும்பாலானோர் உறங்கிக்கொண்டே இருந்தனர். வேறு சிலரோ உறங்கவே இயலாதவர்களாக இருந்தனர். கைகால்கள் ஓயாமல் துடிக்க, களைப்பின் எல்லையிலும் கண்மூட முடியாமல் நாட்கணக்கில் தவித்தனர். மூன்றாம் வகையினர் உறக்கமும் இன்றி விழிப்பும் இன்றிச் சிலைபோல உறைந்திருந்தனர். ஒரே நோய் ஒருவருக்கு முடிவற்ற உறக்கத்தையும் அடுத்தவருக்கு முடிவற்ற விழிப்பையும் தருவது எப்படி?

நஞ்சுக் கோட்பாட்டால் இதை விளக்க முடியாது. நஞ்சு உறங்கவைக்கும் என்றால் அது எல்லோரையும்தானே உறங்கவைக்க வேண்டும்? எகனோமோ இறந்தவர்களின் மூளைகளை நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்தார். ஓயாமல் உறங்கியவர்களிடம் அழற்சி, நடுமூளையும் ஹைப்போதலாமஸின் பின்பகுதியும் கூடும் இடத்தில் இருந்தது. உறங்கவே இயலாதவர்களிடம் அது ஹைப்போதலாமஸின் முன்பகுதியையும் அதை அடுத்த இடங்களையும் பற்றியிருந்தது. ஹைப்போதலாமஸ் என்பது மூளையின் அடித்தளத்தில், கபாலத்தின் நடுவே அமைந்த சிறு பகுதி. பசி, தாகம், உடல்வெப்பம் ஆகியவற்றை ஆளும் இடம்.

எகனோமோ வந்தடைந்த முடிவு இது. பின்பகுதியில் விழிப்பைக் காக்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது அழிந்தால் மனிதன் உறக்கத்தில் மூழ்குகிறான். முன்பகுதியில் உறக்கத்தை உண்டாக்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது அழிந்தால் உறங்கும் திறனை இழக்கிறான். உறக்கம் மூளையின் ஓய்வு மட்டுமல்ல, மூளை செய்யும் ஒரு செயல் என்பது இதன் பொருள். செயலாக இருப்பதாலேயே அது காயப்படக்கூடியதும்கூட. திடீர் உறக்கத் தாக்குதல்களுக்கு ஆளாகும் நார்கோலெப்சி என்ற நோயை 1880இல் ழெலினோ விவரித்திருந்தார். அதற்கும் ஹைப்போதலாமஸின் அதே பின்பகுதியில்தான் காரணம் இருக்க வேண்டும் என்றும் எகனோமோ கருதினார். 1930இல் வெளியான ஆங்கிலக் கட்டுரையொன்றில் இக்கருத்துகளை அவர் விரிவாகத் தொகுத்தார். அடுத்த ஆண்டு, 55ஆம் வயதில், இதயநோயால் இறந்தார்.

*

அந்த நோய் 1920களின் இறுதிவரை உலகைச் சுற்றிவந்தது. பல லட்சம் பேர் நோயுற்றனர். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தொடக்கக் கட்டத்திலேயே இறந்தனர். ஆனால் பிழைத்தவர்களின் கதைதான் நம்மை அதிகம் தொந்தரவு செய்வது.

பிழைத்த குழந்தைகள் பலருக்கு உறக்கம் தலைகீழானது. இரவெல்லாம் விழித்து, அலைந்து, பாடி, சண்டையிட்டுப் பகலில் உறங்கினர். அதோடு அவர்களின் குணமும் மாறியது. அமைதியான பிள்ளை என்று பெயர் எடுத்த சிறுவன் திருடினான், பொய் சொன்னான், தங்கையை அடித்தான், சிலவேளை தன்னையே காயப்படுத்திக்கொண்டான். அறிவில் குறைவில்லை. தன் செயலுக்கு வருந்தவும் செய்தான். மறுகணம் அதையே மீண்டும் செய்தான். பள்ளிகள் அவர்களை வெளியேற்றின. சிலர் சீர்திருத்தப் பள்ளிகளுக்குப் போனார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இவர்களுக்கென மருத்துவமனைகளில் தனிப் பிரிவுகள் தொடங்க வேண்டியிருந்தது. ஒழுக்கக்கேடு என்று ஊர் சொன்னது ஒரு மூளைக்காயத்தின் எச்சம் என்பதை மருத்துவர்கள் மெல்ல மெல்லவே ஏற்றனர்.

பெரியவர்களில் பலருக்கு ஆண்டுகள் கழித்து இரண்டாம் தாக்குதல் வந்தது: உடல் இறுகி, அசைவு குன்றி, பார்கின்சன் நோய்போன்ற நிலை. பலர் பத்தாண்டுகளை நாற்காலியிலேயே கழித்தனர். இந்த மௌனத்தை உடைக்கும் கண்டுபிடிப்பும் வியன்னாவிலிருந்தே வந்தது. 1960இல் ஏரிங்கரும் ஹார்னிகீவிச்சும் பார்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோப்பமின் கடுமையாகக் குறைந்திருப்பதைக் காட்டினர். அவர்கள் ஆராய்ந்த மூளைகளில் எகனோமோவின் நோய்க்குத் தப்பிப் பிழைத்தவர்களுடையவையும் இருந்தன. 1969இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி மருத்துவமனையொன்றில் ஆலிவர் சாக்ஸ் அத்தகைய நோயாளிகளுக்கு எல்-டோபா மருந்தைக் கொடுத்தார். உறைந்திருந்தவர்கள் எழுந்தார்கள், நடந்தார்கள், பேசினார்கள். சில வாரங்களிலோ மாதங்களிலோ பலர் கடும் பக்கவிளைவுகளுக்கு உள்ளாயினர். 1973இல் சாக்ஸ் எழுதிய ‘அவேக்கனிங்ஸ்’ அந்த விழிப்பின், விழிப்புக்குப் பிந்தைய துயரத்தின் நூல். 1990இல் வந்த திரைப்படத்தின் வழியே அக்கதையை நம்மில் பலரும் அறிவோம். எகனோமோவை அறிந்தவர்கள் குறைவு.

*

எகனோமோவின் கருதுகோள் நேராக வெற்றிநடை போடவில்லை. 1935இல் பெல்ஜியத்தின் பிரெமர், பூனைகளின் நடுமூளையில் குறுக்கே வெட்டியபோது, வெட்டுக்கு முன்னாலுள்ள மூளை உறக்கத்தின் மின்னலைகளைக் காட்டியது. புலன்செய்திகள் வராததால்தான் மூளை உறங்குகிறது என்று அவர் கருதினார். பழைய ‘அணையும் விளக்கு’ மீண்டும் வந்துவிட்டது. 1949இல் மொருட்ஸியும் மகூனும் மூளைத்தண்டிலுள்ள வலையமைப்பைத் தூண்டி, உறங்கும் பூனையின் மூளையலைகளை விழிப்பின் அலைகளாக மாற்றிக் காட்டினர். விழிப்புக்கு இடம் உண்டு என்பது இதன்மூலம் உறுதியாயிற்று. உறக்கத்துக்கு?

அதற்கான விடை 1946லேயே வெளியாகியிருந்தது. நெதர்லாந்தின் வாலே நவுட்டா, எலிகளின் ஹைப்போதலாமஸை முன்னும் பின்னுமாக வெட்டிப் பார்த்தார். பின்பக்கம் வெட்டப்பட்டவை உறங்கிக்கொண்டே இருந்தன. முன்பக்கம் வெட்டப்பட்டவை உறங்க இயலாமல் சில நாட்களில் இறந்தன. வியன்னாவின் பிணவறையில் எகனோமோ கண்டது அப்படியே சோதனைக்கூடத்தில் நிகழ்ந்தது. ஆயினும் விழிப்பு அமைப்பின் புகழில் இந்த ஆய்வு நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1996இல், பாஸ்டனில் கிளிஃபர்ட் சேப்பரின் குழுவினர் ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் ஒரு சிறு நரம்பணுக் கொத்தைக் கண்டனர். எலி உறங்கும்போது மட்டும் அது செயலூக்கம் கொள்கிறது. விழிப்பைக் காக்கும் மையங்களை அடக்குகிறது. 1998இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே மூலக்கூறைக் கண்டறிந்து, ஒன்று ஒரெக்சின் என்றும் மற்றது ஹைப்போக்ரெட்டின் என்றும் பெயரிட்டன. ஹைப்போதலாமஸின் பின்-பக்கப் பகுதியிலுள்ள சில பல்லாயிரம் நரம்பணுக்கள் மட்டுமே அதைச் சுரக்கின்றன. 2000இல் நார்கோலெப்சி நோயாளிகளின் மூளையில் அந்த நரம்பணுக்கள் ஏறத்தாழ முழுதும் அழிந்திருப்பது தெரியவந்தது. எகனோமோ கைகாட்டிய வட்டாரத்திலேயே அவை இருந்தன.

உறக்கமும் விழிப்பும் ஒன்றையொன்று அடக்கும் இரு தரப்புகள், ஏற்றப்பலகையின் இரு முனைகள்போல என்று சேப்பர் பின்னர் விளக்கினார். ஒரு முனை ஏறினால் மறுமுனை தாழும், நடுவில் நெடுநேரம் நிற்காது. ஒரெக்சின் பலகையை விழிப்பின் பக்கம் நிலைநிறுத்தும் கை. அந்தக் கை இல்லாதபோது பலகை தாறுமாறாக ஆடுகிறது. நார்கோலெப்சி என்பது அந்த ஆட்டம்தான்.

*

இந்த வரலாறு வெறும் பழங்கதை அல்ல. இன்று சாலை விபத்திலோ வீழ்ச்சியிலோ தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்களின் வீடுகளில் இதே காட்சி சிறிய அளவில் நடந்துகொண்டிருக்கிறது. எலும்பு கூடிவிட்டது, ஸ்கேன் படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை, மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவர் பகலெல்லாம் உறங்குகிறார். அல்லது இரவெல்லாம் புரள்கிறார். வேலைக்குத் திரும்பினால் மதியத்துக்குள் துவண்டுவிடுகிறார். வீட்டார் முதலில் பரிதாபப்படுகிறார்கள், பிறகு எரிச்சலடைகிறார்கள். ‘சோம்பேறி’ என்ற சொல் ஒருநாள் வந்துவிடுகிறது.

2005இல் சூரிச் நகர ஆய்வாளர்கள், தலையில் கடும் அடிபட்ட புதிதில் பெரும்பாலானோரின் தண்டுவட நீரில் ஒரெக்சின் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டனர். 2007இல் அவர்கள் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், அடிபட்டு ஆறு மாதங்கள் கழித்தும் ஏறத்தாழ பத்தில் ஏழு பேருக்கு முன்பில்லாத உறக்கக் கோளாறுகள் இருந்தன. அடிபட்டு இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தபோது, ஒரெக்சினையும் விழிப்புக்கான இன்னொரு வேதிப்பொருளான ஹிஸ்டமினையும் சுரக்கும் நரம்பணுக்கள் குறைந்திருந்தன. ஹைப்போதலாமஸ் கபாலத்தின் அடித்தளத்து எலும்பு மேடுகளுக்கு அருகில் இருக்கிறது. தலை அதிர்ந்து மூளை முன்னும் பின்னும் குலுங்கும்போது அடியும் இழுவிசையும் அங்கும் சென்று சேர்கின்றன.

2015இல் அதே நகரிலிருந்து வந்த ஓர் ஆய்வு இன்னும் நுட்பமானது. அடிபட்டு ஆறு மாதங்களான நோயாளிகள் மற்றவர்களைவிட அதிக நேரம் உறங்கினர், பகலிலும் சோர்ந்தனர் என்பதைக் கருவிகள் காட்டின. நோயாளிகளைக் கேட்டபோது அவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. எடைபோட வேண்டிய தராசே காயம்பட்டிருக்கும்போது எடை எப்படித் தெரியும்? ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று நோயாளி சொல்வதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். உடனிருப்பவரின் கவனிப்பும் மருத்துவரின் கேள்வியும் இங்கே சிகிச்சையின் பகுதி. உறக்கக் குறைபாட்டை மனச்சோர்வு என்றோ, சோம்பல் என்றோ, இழப்பீட்டுக்கான நடிப்பு என்றோ ஒதுக்குவது, 1920களின் குழந்தைகளைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிய அதே பிழையின் தொடர்ச்சி.

மூளைக்காயம் உறக்கத்தைக் கெடுக்கிறது என்பது ஒரு திசை. கெட்ட உறக்கம் மூளையைக் கெடுக்குமா என்பது எதிர்த்திசை. அங்கே அறிவியல் இன்னும் நிதானமாகத்தான் பேசுகிறது. உறங்கும் சுண்டெலியின் மூளையில் அணுக்களுக்கிடையிலான வெளி விரிவடைந்து, கழிவுப் புரதங்கள் விரைவாக அகற்றப்படுகின்றன என்று 2013இல் நெடர்கார்டின் குழு அறிவித்தது. பழைய நஞ்சுக் கோட்பாடு வேறு உருவில் திரும்பியதுபோல் இருந்தது. 2024இல் லண்டனிலிருந்து வந்த ஆய்வு, உறக்கத்தில் அந்த அகற்றல் குறைகிறது என்று நேர்மாறாகச் சொன்னது. விவாதம் முடியவில்லை. பிரிட்டனில் எட்டாயிரம் பேரை இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஆய்வில், ஐம்பது வயதிலிருந்தே ஆறு மணிநேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ முப்பது சதவீதம் அதிகமாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிரக் காரணத்தை நிறுவவில்லை. ஆகவே ஓரிரவு விழித்தவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. அச்சமும் உறக்கத்தின் எதிரிதான்.

ஆனால் ஒன்றில் ஐயம் குறைவு. மூளையின் நெடுநாள் நோய்கள் பலவேளைகளில் உறக்கத்தின் வழியேதான் முதலில் பேசுகின்றன. கனவில் வரும் சண்டையை உறக்கத்திலேயே கையால் காலால் நிகழ்த்தும் ஒரு கோளாறை 1986இல் அமெரிக்காவில் ஷெங்க், மஹோவால்ட் ஆகியோர் விவரித்தனர். அவ்வாறு உறங்கிய வயதான ஆண்களில் பலருக்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்கின்சன் நோயோ அதன் உறவுநோய்களோ வந்தன. முதியவர்களின் உறக்கத்தை உயிரோடு இருக்கையில் அளந்து, இறந்தபின் அவர்களின் மூளையை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. சேப்பரின் குழு கண்ட முன்பகுதிக் கொத்தில் நரம்பணுக்கள் எவ்வளவு குறைந்திருந்தனவோ அவ்வளவுக்கு அவர்களின் உறக்கம் துண்டுதுண்டாக இருந்தது. ‘வயசானா தூக்கம் வராது’ என்று நம் வீடுகளில் எளிதாகச் சொல்லிக் கடக்கும் ஒன்றுக்குப் பின்னால், எண்ணிப் பார்க்கக்கூடிய ஓர் இழப்பு இருக்கிறது.

*

எகனோமோவின் நோய்க்குக் காரணமான கிருமி எது, அல்லது கிருமிதானா என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. 1918இன் இன்ஃப்ளுவென்சாவோடு அதை இணைத்துப் பேசுவது வழக்கம். ஆனால் வியன்னாவின் நோயாளிகள் அதற்கு ஓராண்டுக்கும் முன்னரே உறங்கத் தொடங்கிவிட்டார்கள். 1920களின் இறுதியில் நோய் வந்ததுபோலவே மறைந்தது. அரிதாகத் தனிமனிதர்களிடம் அதைப் போன்ற நிலை பிறகும் காணப்பட்டதுண்டு. கொள்ளைநோயாக அது திரும்பவில்லை.

அந்த நோயாளிகளில் பெரும்பாலானோருக்குப் பயனுள்ள சிகிச்சை கிடைக்கவில்லை. அவர்களைக் கொண்டு அறிந்தவை அவர்களில் பெரும்பாலானோருக்குப் பயன்படவும் இல்லை. ஒரெக்சினை அடக்கி உறக்கம் தரும் மருந்து 2014இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உறக்கம் என்பது இன்மையல்ல, மூளையின் ஒரு மூலையில் சில ஆயிரம் நரம்பணுக்கள் ஒவ்வோர் இரவும் செய்துமுடிக்கும் வேலை என்று நமக்குக் கற்பித்தவர்கள் அவர்களே. வாயில் உணவோடு உறங்கிப்போன ஒருவரையும், களைப்பின் உச்சியில் கண்மூட முடியாமல் இறந்த இன்னொருவரையும் அருகருகே வைத்துப் பார்த்த ஒரு மருத்துவர் இருந்ததால் அது சாத்தியமாயிற்று. அடிபட்ட தலையோடு வீடு திரும்பியவரின் உறக்கத்தை நாம் எவ்வாறு பார்க்கிறோம், என்ன பெயரிட்டு அழைக்கிறோம் என்பதில்தான் அந்தப் பாடம் நம்மை வந்தடைந்ததா என்பது தெரியும்.